ஆளே இல்லாத ஊருக்கு மேயர் எதற்கு?

பிரான்ஸின் வடகிழக்கில் ஃப்ளெரி-தெவான்-துவோமோன் என்று ஒரு ஊர் இருக்கிறது, அதன் மக்கள்தொகை 0 என்று போட்டிருக்கிறது, ஆனால் மேயர் மட்டும் இருக்கிறாராம், இது அச்சுப்பிழையா இல்லை பிரெஞ்சுக்காரர்களின் வேடிக்கையா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் கொசுறாக, "நான் போய் அங்கே குடியேறினால் மக்கள்தொகை 1 ஆகிவிடுமா?" என்றும் சேர்த்திருக்கிறீர்கள். பிழையும் இல்லை, வேடிக்கையும் இல்லை. அந்தப் பூஜ்யம் சரியானது, மேயரும் நிஜம். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. ஆட்கள் போய்விட்ட பிறகும் ஒரு ஊரைக் கணக்கிலிருந்து எடுக்காமல் ஏன் வைத்திருக்கிறார்கள்? அதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

என்னைப் பற்றி ஒரு வரி. புதுச்சேரியில் இருபது வருஷத்துக்கு மேலாகப் பழைய பிரெஞ்சு ஆவணங்களை, முக்கியமாகப் பிறப்பு, இறப்பு, கல்யாணப் பதிவேடுகளை, மொழிபெயர்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. அந்த வேலை காரணமாகவே பிரான்ஸின் சின்னஞ்சிறு ஊர்களின் பதிவேடுகளையும் புரட்ட வேண்டி வந்தது. ஆகவே ஊராட்சி, பதிவேடு, மக்கள்தொகைக் கணக்கு பற்றி நான் சொல்வதைக் கைப்பழக்கத்தில் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். போர் பற்றிச் சொல்வதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. ராணுவ வரலாறு என் துறை இல்லை.

பிரான்ஸில் ஊராட்சிக்குப் பெயர் கொம்யூன். புதுச்சேரி, காரைக்கால்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம், திருநள்ளாறு எல்லாம் இன்றைக்கும் கொம்யூன் பஞ்சாயத்துதான். 1880-ல் வந்த ஆணை வழியாகப் பிரெஞ்சு ஆட்சி இங்கே விட்டுப்போன சொல் அது. கடற்கரைச் சாலைக் கட்டடத்தை 'மேரி' என்கிறோமே, அது மேயரின் அலுவலகத்துக்குப் பிரெஞ்சில் உள்ள பெயர். பிரான்ஸில் கொம்யூன் பிறந்தது 1789 டிசம்பரில், பிரெஞ்சுப் புரட்சி நடந்த அதே வருஷம். அதுவரை மாதா கோயிலைச் சுற்றி, பங்கு (ஒரு பாதிரியாரின் பொறுப்பில் இருக்கும் வட்டாரம்) என்ற பெயரில் இருந்த ஊர்களையெல்லாம் கிட்டத்தட்ட அப்படியே எடுத்து நகராட்சி ஆக்கினார்கள். பெரிய நகரத்துக்கும் இருபது வீட்டுக் குக்கிராமத்துக்கும் சட்டத்தில் அடிப்படையில் ஒரே தகுதி. இதைக் கவனியுங்கள். நம் ஊர்போல மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என்ற படிக்கட்டு அங்கே இல்லை. அதனால்தான் இன்றும் சுமார் 35,000 கொம்யூன்கள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் 500 பேர்கூட இல்லாதவை.

ஃப்ளெரியும் அப்படி ஒன்றுதான். வெர்தன் நகரத்திலிருந்து வடகிழக்கே சுமார் 7 கிலோமீட்டர், மேட்டு நிலத்தில். மாவட்டம் மோஸ் (தமிழில் மியூஸ் என்றும் எழுதுகிறார்கள்). முதல் உலகப் போருக்குச் சற்று முன் அங்கே 422 பேர். தானியம், மாடு, காட்டு மரம் என்று பிழைத்த ஊர். ஒரு மாதா கோயில், ஒரு பள்ளிக்கூடம், துணி துவைக்க ஒரு துவைதுறை, ரொட்டிக்கடை, கொல்லுப்பட்டறை, இரண்டும் ஒன்றான காப்பிக்கடை-மளிகைக்கடை. ஊரை அடையாளம் காட்டும் அளவுக்குப் பெரிய சம்பவம் எதுவும் அதற்கு முன் அங்கே நடக்கவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பிரான்ஸின் பெரும்பாலான கொம்யூன்களுக்கு வரலாறு என்பது பதிவேடுதான். யார் பிறந்தார், யாரைக் கட்டினார், எப்போது போனார், அவ்வளவே.

அந்தப் பதிவேட்டு வரலாற்றிலும் உறுதியானது ஒரு எல்லைக்குப் பிறகுதான். 1792 செப்டம்பரில் பிறப்பு, கல்யாணம், இறப்பைப் பதியும் வேலையைப் பாதிரியாரிடமிருந்து எடுத்து மேயரிடம் கொடுத்தார்கள். 1836-லிருந்து மக்கள்தொகைக் கணக்கில் வீடு வீடாகப் பெயர், வயது, தொழில், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று பட்டியலே கிடைக்கும். அதற்கு முந்தைய காலத்துக்கு ஊருக்கு இத்தனை 'அடுப்பு' என்றுதான் கணக்கு இருக்கும். வரி வாங்கப் போட்ட கணக்கு அது. ஒரு அடுப்புக்கு நாலு பேரா, ஐந்து பேரா என்று பெருக்குகிறவர் முடிவு செய்வார். ஆகவே "17-ஆம் நூற்றாண்டில் இந்தக் கிராமத்தில் 310 பேர் வாழ்ந்தார்கள்" என்கிற மாதிரி யாராவது துல்லியமாக எழுதினால் ஒரு சிட்டிகை உப்போடு சேர்த்து விழுங்குங்கள்.

இனி, பலரும் தவறவிடும் ஒரு விஷயம். ஃப்ளெரி ஒரே நாளில் காலியானது உண்மை. ஆனால் அந்த வட்டாரம் அதற்கு அறுபது வருஷம் முன்பிருந்தே இளைத்துக்கொண்டு வந்தது. மோஸ் மாவட்டத்தில் 1851-ல் கிட்டத்தட்ட 3,28,000 பேர். 1911-ல் 2,78,000. ஒரு குண்டும் விழுவதற்கு முன்பே ஐம்பதாயிரம் பேர் குறைந்துவிட்டார்கள். நிலத்தைப் பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரிக்கச் சட்டம் சொன்னது, அதனால் பிள்ளைகளையே குறைத்துக்கொண்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம். ரயில் வந்ததும் இளவட்டங்கள் பாரிசுக்கும் இரும்புச் சுரங்கப் பக்கமும் போனார்கள் என்பது இன்னொன்று. இரண்டாவது எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிகிறது. கல்யாணப் பதிவில் மாப்பிள்ளையின் முகவரியைப் பார்த்தாலே போதும். முதலாவதில் உண்மை இருக்கலாம், ஆனால் எந்தக் குடும்பமும் அதைப் பதிவேட்டில் எழுதிவைப்பதில்லை. அப்புறம் 1921 கணக்கில் அதே மாவட்டம் 2,07,000-க்கு விழுந்தது. பத்தே வருஷத்தில் எழுபதாயிரம் குறைவு. இன்றைக்குச் சுமார் 1,80,000. 1916-ல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு போரால் எடுக்கப்படவே இல்லை. போருக்கு முன் ஃப்ளெரியில் எடுத்த கடைசிக் கணக்கு 1911.

1916 பிப்ரவரி 21 அன்று ஜெர்மானியர்கள் வெர்தன் மீது பீரங்கித் தாக்குதலைத் தொடங்கினார்கள். அன்றே ஃப்ளெரியைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு. கையில் கிடைத்ததை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள், போர் முடிந்ததும் திரும்பிவிடலாம் என்றுதான் போயிருப்பார்கள். நான்கு நாளில், பிப்ரவரி 25 அன்று, பக்கத்துத் துவோமோன் கோட்டை விழுந்தது. ஜூன் 23 அன்று சண்டை ஃப்ளெரிக்குள்ளேயே வந்தது. அங்கிருந்து ஆகஸ்ட் 18 வரை ஊர் 16 முறை கை மாறியது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். இந்த 16 என்பதை நான் சற்றுத் தள்ளி நின்றே பார்க்கிறேன். தரைமட்டமான ஊரில் எந்தச் செங்கல் குவியலைப் பிடித்தால் ஊரைப் பிடித்ததாகும் என்று படைக்குப் படை கணக்கு மாறும். பல முறை கை மாறியது, கடைசியில் பிரெஞ்சுக் காலனியக் காலாட்படை ஒன்று அதை மீட்டது, அதுவரை நிச்சயம். வெர்தன் சண்டை டிசம்பர் வரை, பத்து மாதம் போனது. இரு பக்கமும் சேர்த்து இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் என்பார்கள். காணாமல் போனவர்களை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்பதைப் பொறுத்து அதுவும் ஏறும், இறங்கும்.

வெர்தனைச் சுற்றி இப்படி அழிந்த ஊர்கள் ஒன்பது. ஃப்ளெரி, துவோமோன், வோ, ஓர்ன், பெசோன்வோ, போமோன், லூவ்மோன், ஓமோன், குமியேர். போர் முடிந்ததும் அரசு இந்த நிலத்தைச் 'சிவப்பு மண்டலம்' என்று வகைப்படுத்தியது. வெடிக்காத குண்டுகள், விஷவாயுக் குண்டுகள், மண்ணோடு மண்ணாகிப்போன உடல்கள் என்று, சீர்படுத்த ஆகும் செலவு நிலத்தின் விலையைவிட அதிகம். எனவே அரசே நிலத்தை வாங்கிக்கொண்டு, 1920களின் கடைசியிலிருந்து அங்கே மரம் நட்டது, பெரும்பாலும் கறுப்புப் பைன். ஊர்க்காரர்கள் நஷ்ட ஈட்டை வாங்கிக்கொண்டு வெர்தனுக்கும் அக்கம்பக்கத்துக்கும் இன்னும் தூரத்துக்கும் போனார்கள்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறோம். இந்த ஒன்பதையும் பக்கத்து ஊர்களோடு இணைத்துவிட்டிருந்தால் வேலை முடிந்தது. செய்யவில்லை. 1919-ல் ஒரு சட்டம் கொண்டுவந்து, அழிந்த ஊர்கள் கொம்யூனாகவே தொடரும் என்றார்கள். வாக்காளர் இல்லாததால் தேர்தல் இல்லை. அதற்குப் பதில் மூன்று பேர் கொண்ட ஒரு குழுவை பிரிஃபெக்ட் (நம் ஊர்க் கலெக்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்) நியமிப்பார். குழுவின் தலைவருக்கு மேயரின் அதிகாரம், மேயரின் மூவர்ணப் பட்டை எல்லாம் உண்டு. பேச்சு வழக்கில் அவரை மேயர் என்றே சொல்கிறார்கள், நீங்கள் படித்ததும் அதுதான். போரில் இறந்த வீரரின் பெயருக்குப் பக்கத்தில் பதிவேட்டில் 'பிரான்ஸுக்காக உயிர் நீத்தார்' என்று எழுதுவது வழக்கம். அதே வார்த்தையை இந்த ஊர்களுக்கும் கொடுத்தார்கள்.

ஏன் என்று கேட்டால், மரியாதைக்காக என்பது எல்லோரும் சொல்லும் பதில். தப்பில்லை. ஆனால் காகிதம் பார்க்கிறவன் என்ற முறையில் எனக்கு இன்னொரு காரணமும் தெரிகிறது, இது என் அபிப்பிராயம் மட்டுமே. 1919 ஏப்ரலில் போர்ச் சேதத்துக்கு நஷ்ட ஈடு வழங்கும் சட்டம் வந்தது. வீடு இழந்தவர் தன் பங்குக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் ஊருக்குப் பொதுவான கோயில், பள்ளிக்கூடம், துவைதுறை, ஊர்க்காடு இவற்றுக்கு விண்ணப்பம் போடுவது யார்? கொம்யூன் என்பது சட்டத்தின் கண்ணில் ஒரு நபர். அந்த நபர் உயிரோடு இருந்தால்தான் கேட்க முடியும். அப்புறம் பிறப்புச் சான்று, நிலச் சான்று வேண்டி வருகிற நானூறு பேருக்குக் கையெழுத்துப் போடவும் ஒருவர் வேண்டும். ஊர் செத்தது என்று எழுதிவிட்டால் இவ்வளவு பேரும் அலைய வேண்டியதுதான். எங்கள் தொழிலில் தினமும் பார்க்கிற அலைச்சல் அது.

பதிவேடுகள் என்ன ஆயின என்றும் யாராவது கேட்பீர்கள். பிரான்ஸில் ஒவ்வொரு பதிவேட்டையும் இரண்டு பிரதி எழுதும் வழக்கம் மன்னராட்சிக் காலத்திலிருந்தே உண்டு. ஒன்று ஊரில், இன்னொன்று நீதிமன்றத்தில். ஊர்ப் பிரதி எரிந்தாலும் மற்றது தப்பிக்க வாய்ப்பு இருக்கிறது. கடைசியில் இவை மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேரும். மோஸுக்கு அது பார்-ல-தியூக் நகரில். மோஸ் இருக்கும் லோரேன் வட்டாரத்துக் கிராமம் ஒன்றின் பதிவேட்டை முதல்முறை திறந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பதிவின் கடைசியில், வாசித்துக் காட்டியபின் சாட்சிகள் கையெழுத்திட்டார்கள், தாயார் தமக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என அறிவித்தார் என்று ஒரு வாசகம். இதே வாசகத்தை, இதே வரிசையில், காரைக்கால் பதிவேடுகளில் ஆயிரம் முறை மொழிபெயர்த்திருக்கிறேன். எழுதுகிற மேஜை வேறு, படிவம் ஒன்று.

சில வருஷங்களுக்கு முன் நான்சி நகரத்தில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போனபோது ஃப்ளெரியைப் பார்த்துவந்தேன். காடு. நடுவே ஒரு பாதை. தரையைப் பார்த்தால்தான் ஏதோ சரியில்லை என்று புரிகிறது. ஒரு கெஜம்கூடச் சமமாக இல்லை. குழி, மேடு, குழி, மேடு, எல்லாவற்றின் மேலும் புல். சில குழிகளில் தண்ணீர் நின்றது. பாதையோரம் இடுப்பளவுகூட இல்லாத வெள்ளைக் கட்டைகள் நட்டிருக்கிறார்கள். ஒன்றில் 'ரொட்டிக்கடை', இன்னொன்றில் 'கொல்லர்', இன்னொன்றில் 'பள்ளிக்கூடம்'. வீடு இருந்த இடத்தைக் காட்டக் கட்டை, தெரு இருந்த இடத்தில் பாதை. என்னோடு வந்த பையன் கட்டைக்குக் கட்டை தாவிக் குழிக்குள் இறங்கப் போனான். பாதையை விட்டு இறங்காதே என்று உறவினர் அதட்டினார். உள்ளே இன்னும் என்னென்ன வெடிக்காமல் கிடக்கிறதோ. கோயில் இருந்த இடத்தில் சின்னதாக ஒரு சிற்றாலயம். 'ஐரோப்பாவின் மாதா' என்று பெயர். முகப்பில் உள்ள மாதாவின் மேலங்கி ஐரோப்பியக் கொடி.

ஆள் இல்லாத ஊர் என்றாலும் கூட்டம் இல்லாத ஊர் இல்லை, அது. ஃப்ளெரியின் பழைய ரயில் நிலையம் இருந்த இடத்தில்தான் 1967-ல் வெர்தன் நினைவு அருங்காட்சியகம் திறந்தார்கள். சற்று மேலே துவோமோன் எலும்புக்கூடம், 1932-ல் திறந்தது. அடையாளம் தெரியாத சுமார் 1,30,000 வீரர்களின் எலும்புகள், இரு நாட்டாருடையதும் பிரிக்க முடியாமல் ஒன்றாக. அதற்கு முன்னால் 16,000 கல்லறைகள். 1984 செப்டம்பரில் பிரெஞ்சு அதிபர் மித்தரானும் ஜெர்மன் சான்சலர் ஹெல்முட் கோலும் கைகோத்து நின்ற படத்தைப் பார்த்திருப்பீர்கள், அது இங்கேதான். ஆகவே இங்குள்ள 'மேயரின்' வேலை முழுக்க அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். சிற்றாலயத்தைப் பராமரிக்க வேண்டும், பாதையைப் பார்க்க வேண்டும், வருஷாந்திர அஞ்சலிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், அழிந்த ஊர்க்காரர்களின் பேரப்பிள்ளைகள் வந்தால் எந்தக் கட்டை அவர்களுடையது என்று காட்ட வேண்டும். 2013-ல் ஃப்ளெரியில் ஒரு பழைய பண்ணைவீட்டு நிலவறை இருந்த இடத்தில் 26 பிரெஞ்சு வீரர்களின் எலும்புகள் கிடைத்தன. ஏழு பேருக்கு மட்டும் பெயர் கண்டுபிடிக்க முடிந்தது.

ஒன்பதும் பூஜ்யம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். பூஜ்யம் ஆறுதான். துவோமோன், வோ, ஓர்ன் மூன்றும் போருக்குப் பின் ஓரளவு மீண்டன. அவற்றில் துவோமோனும் வோவும் 2019 ஜனவரி முதல் ஒரே கொம்யூனாக இணைந்துவிட்டன. மனிதர்கள் இருக்கும் ஊர் இணைந்துபோகிறது, யாரும் இல்லாத ஊர் தனியாக நிற்கிறது. பிரான்ஸ் முழுக்கச் சின்ன ஊர்களை இணைக்க 1971-லிருந்து அரசு முயன்று வருகிறது, 2010க்குப் பிறகுதான் ஓரளவு நடந்தது. எந்த ஊர்க்காரர் தன் ஊர்ப் பெயரைச் சந்தோஷமாக விட்டுக்கொடுப்பார்?

பூஜ்யத்துக்கு அடுத்தது ஒன்று. தென்கிழக்கே த்ரோம் மாவட்டத்தில் ரோஷ்ஃபூர்ஷா என்ற கொம்யூனுக்குப் பல கணக்கெடுப்புகளில் மக்கள்தொகை 1 என்றே வந்திருக்கிறது. அங்கே தேர்தலே நடக்கும். எப்படி என்றால், அந்த ஊரில் வீடோ நிலமோ வைத்து வரி கட்டுகிறவர் வேறு ஊரில் வசித்தாலும் அங்கே வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம். ஆக அந்த ஊரைக் காலி செய்தது பீரங்கி இல்லை, பிழைப்பு. எனக்கு ஃப்ளெரியைவிட ரோஷ்ஃபூர்ஷாதான் பிரெஞ்சுக் கிராமத்தின் பொதுக் கதைக்குக் கிட்டத்தில் இருக்கிறது.

போர் வராமல் இருந்திருந்தால் ஃப்ளெரி என்ன ஆகியிருக்கும்? இதை யாரும் நிரூபிக்க முடியாது, ஊகம்தான். பொருளாதார அறிஞர் ழான் ஃபுராஸ்தியே தென்மேற்கே துவெல் என்ற கிராமத்தை ஆராய்ந்தார். 1946-ல் அங்கே 534 பேர், 1975-ல் 670 பேர். ஊர் வளர்ந்தது. ஆனால் விவசாயம் செய்தவர்கள் 208-லிருந்து 53 ஆனார்கள். நகரத்துக்குப் பக்கத்துக் கிராமம் பலவற்றின் கதை இது. உழவர் போவார், காரில் வேலைக்குப் போகிறவர் வந்து குடியேறுவார். வெர்தனிலிருந்து 7 கிலோமீட்டர் என்பதால், ஃப்ளெரி நூற்றுச் சொச்சம் பேராக இளைத்து, பிறகு புது வீடுகளும் தோட்டத்து ஊஞ்சலுமாகக் கொஞ்சம் நிமிர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். வெர்தனே இப்போது சுருங்கி வரும் நகரம் என்பதால் ரொம்ப நிமிர்ந்திருக்காது.

கடைசியாக உங்கள் கொசுறுக் கேள்வி. ஃப்ளெரிக்குப் போய் நீங்கள் குடியேற முடியாது. நிலம் பெரும்பாலும் அரசுக் காடு, விற்பனைக்கு இல்லை. மண்ணில் கடப்பாரை வைக்க யாரும் அனுமதி தர மாட்டார்கள். கூடாரம் போட்டு நாலு நாள் தங்கினாலும் எண்ணமாட்டார்கள், கணக்கில் சேர அது உங்கள் வழக்கமான வசிப்பிடமாக இருக்க வேண்டும். பத்தாயிரம் பேருக்குக் குறைவான கொம்யூன்களில் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுப்பு. ஆனால் எல்லாக் கொம்யூன்களுக்கும் சட்டபூர்வ மக்கள்தொகையை வருஷக் கடைசியில் புள்ளிவிவர நிறுவனம் வெளியிடும். மோஸ் மாவட்டப் பட்டியலில் அகர வரிசைப்படி போனால் ஃப்ளெரியும் வரும், பாரிசுக்குக் கொடுத்த அதே அகலத்தில் ஒரு வரி, எதிரே 0.